நாலு நொடிக் கம்ப்யூட்டர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓடாத மோட்டாரை ஓட வைத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்தத் திமிரில்தான், மணவாள நகர் வீட்டுப் பரணில் பல வருடமாகக் கிடந்த கம்ப்யூட்டரை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எழுப்பிவிடுகிறேன் என்று மனைவியிடம் வாயை விட்டேன். பழவேற்காட்டு மீனவப் பெண்களைப் பற்றி அவள் எழுதி, பாதியில் நின்றுபோன ஆய்வேடு அதில்தான் இருந்தது. நான்கு அத்தியாயம். வேறு பிரதி கிடையாது.

"அது கெடச்சா மறுபடி படிக்க சேர்றேன். இல்லன்னா இந்தப் பேச்சையே உட்டுடலாம்" என்றாள்.

பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றும். நான்கு எண்ணுவதற்குள் அடங்கிவிடும். மெமரியைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டினேன். நான்கு நொடி. மதர்போர்டில் செத்துக் கிடந்த பேட்டரியை மாற்றினேன். நான்கு நொடி. பவர் சப்ளையைத் தொழிற்சாலைக்கே தூக்கிப்போய் மீட்டர் வைத்துப் பார்த்தேன். வோல்டேஜ் அம்சமாக வந்தது. வீட்டில் மாட்டினால் பழைய குருடி கதைதான். ஒரே ஒரு தடவை அரை நிமிடம் ஓடியது. ஏன் ஓடியது என்று மண்டை காய்ந்ததில், ஏன் ஓடவில்லை என்பதே மறந்துவிட்டது. இப்படியே மூன்று ஞாயிறு போனது.

நான்காவது ஞாயிறு மனைவி முன்பக்கமாகக் குனிந்து பார்த்தாள். "இன்னாங்க, இந்தப் பட்டன் உள்ள போனா வெளிய வர மாட்டேங்குதே?"

வருடா வருடம் ஆயுத பூஜைக்கு நான் அப்பிய சந்தனம், பட்டனைச் சுற்றி இறுகிப் போயிருந்தது. விரலை எடுத்த பிறகும் பட்டன் அமுங்கியே இருக்க, அணைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறது. சுரண்டி எடுத்தேன். மானம் போனது, ஆனால் திரை வந்தது.

அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து தேடினாள். சிரிப்பு மெல்லக் குறைந்தது. "இங்கதானே வெச்சிருந்தேன்?"

திரையின் மூலையில் ஒரு கார் ரேஸ் விளையாட்டு இருந்தது. அதை ஏற்றியவன் நான்தான். கம்ப்யூட்டர் படுப்பதற்குச் சில நாள் முன்பு அதை ஏற்றப்போனபோது இடம் போதவில்லை. எதை அழிக்கலாம் என்று ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஓர் இடத்தில் மட்டும் எல்லாக் கோப்பும் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தாறுமாறாகத் தெரிந்தது. வைரஸ் என்று நினைத்து மொத்தமாக அழித்தேன். அவள் எழுதிய மென்பொருளில் இல்லாமல் வேறொன்றில், வேறு எழுத்துருவில் திறந்தால் அந்தக் காலத்துத் தமிழ் அப்படித்தான் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

அவள் கம்ப்யூட்டரை ஒரு முறை தடவிக் கொடுத்தாள்.

"நான் படிப்ப உட்டதுக்கு இத்தினி வருசமா இது மேலதான் பழி போட்டுகினு இருந்தேன். பாவம், இது ஒண்ணும் பண்ணல. இனிமே உங்க மேல கோவப்பட மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."