மிதித்த காலை எடுப்பது

வால்பக்கம் சக்கரம் வைத்த சின்ன விமானத்தைத் தரையிறக்குவதில் பாதி வேலை கால்களுக்கு. சக்கரம் மண்ணைத் தொட்டதும் வால் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஓடப் பார்க்கும். காலடியில் இருக்கும் இரண்டு பெடல்களை மாற்றி மாற்றி லேசாகத் தட்டி அதை நேரில் வைக்க வேண்டும். தட்டியதும் எடுத்துவிட வேண்டும். நான் எடுக்க மாட்டேன். அடிவரை அழுத்தி அப்படியே நிற்பேன். விமானம் ஓடுதளத்தை விட்டுப் புல்லுக்குள் திரும்பும். பக்கத்து இருக்கையிலிருந்து பயிற்சியாளர் தன் பெடலை மிதித்து அதை மீட்பார்.

இது போட்ஸ்வானாவில், சாலை போகாத சதுப்புக் காட்டின் ஓரத்தில். சென்னையில் விமானப் பராமரிப்பு எஞ்சினியராக இருந்த வேலையை விட்டுவிட்டு அங்கே ஒரு சிறிய விமான முகாமில் மெக்கானிக்காகச் சேர்ந்திருந்தேன். வேலை நேரம் போக ஓட்டவும் கற்றுத்தருவார்கள் என்பது ஏற்பாடு. மற்றதெல்லாம் வந்துவிட்டது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்ப்பது, மூட்டைகளை எடை பார்த்து எது முன்னால் எது பின்னால் என்று அடுக்குவது, இறங்குவதற்குமுன் ஓடுதளத்தின்மேல் தாழப் பறந்து மான்களை விரட்டுவது. கால் மட்டும் வரவில்லை.

பயிற்சியாளர் ஐம்பதை நெருங்கும் ஒல்லியான பெண். உன் கால்கள் இதை எங்கே கற்றன என்று ஒருநாள் கேட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பெட்ரோல் டிரம் ஒன்றின்மேல் உட்கார்ந்து, கண்ணை மூடி, தரையிறங்குவதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இடது கால் அழுந்தும்போதெல்லாம் வலது மணிக்கட்டு எதையோ எறிந்துகொண்டிருந்தது. தறியில் குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடாவை எறியும் அசைவு.

எங்கள் வீடு காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில். பள்ளி விடுமுறைகளில் எல்லாம் தறிக்குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்திருக்கிறேன். மிதியை அழுத்தினால் பாவின் நீள இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து நடுவில் வழி திறக்கும். நாடா அந்த வழியில் போய் மறுபக்கம் சேரும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வழி மூடிக்கொள்ளும், நாடா நடுவில் மாட்டும், பட்டு இழைகள் அறுந்துபோகும். ஓட்டக் கற்கும் வேறு யாருக்கும் இந்தத் தவறு வந்திருக்காது.

மழைக்காலம் தொடங்கி ஓடுதளங்கள் தண்ணீருக்குள் போனதும் எல்லாரும் ஊருக்குக் கிளம்பினார்கள். திரும்பி வந்ததும் தலைமை விமானி ஒரே ஒருமுறை என் பக்கத்தில் உட்காருவார் என்று பயிற்சியாளர் சொன்னார். நேராக இறக்கினால் தனியாகப் பறக்கலாம். இல்லையென்றால் மெக்கானிக்காகவே இருக்கலாம். மூன்றாவது வழி இல்லை.

ஆக, அந்த மார்கழியில் நான் வீட்டுக்கு வந்தது ஓய்வெடுக்க அல்ல. பழைய சைக்கிள் அச்சு ஒன்றில் பலகையைப் பெடல்போலப் பொருத்தி நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும், சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், தட்டு, எடு, தட்டு, எடு. ஸ்கூட்டரில் தென்னேரிக்குப் போய்க் கரையில் நின்று, தண்ணீரில் அலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக் காற்றின் திசையைச் சொல்லிப் பழகுவேன். பத்து நிமிடம்கூட நிற்க முடியாது. எங்கே நின்றாலும் வேறெங்கோ இருக்கவேண்டியவளாகத் தோன்றும். வாலாஜாபாத் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் என் பாதங்களையே பார்த்துக்கொண்டு வந்துவிட்டு, "இன்னாம்மா, காலுல எறும்பு ஏறிக்கினு இருக்குதா?" என்றாள்.

அந்த வாரம் அப்பா வண்டியிலிருந்து சறுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். தறியில் ஒரு கல்யாணச் சேலை, முந்தானைதான் பாக்கி. கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் கோக்கிற சேலை அது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போடுவாள், மிதிப்பது அப்பா. இப்போது மிதிக்க ஆளில்லை. தெருவில் எல்லாத் தறியிலும் தை முகூர்த்த வேலை. அம்மா என்னைப் பார்த்தாள்.

முடியாது என்றேன். காரணங்களை வரிசையாகச் சொன்னேன்: மறக்க வேண்டியதையே மறுபடி பழகினால் இத்தனை நாள் செய்தது வீண், தேர்வு ஒரே ஒருமுறை, அதன்பிறகு கேட்டாலும் தரமாட்டார்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சேலைக்காரர்கள் வீட்டுப் பெண்ணுக்கும் கல்யாணம் ஒரே ஒருமுறைதான் என்றாள். அப்பா கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, "ஏம்மா, பிளேன் ஓட்ற காலு குழிக்குள்ள எறங்கக் கூடாதா? தீட்டா?" என்றார்.

உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் கவனமாக மிதித்தேன். அழுத்து, எறி, காத்திரு, எடு. தறி பழைய சத்தத்தோடு ஓடியது. எல்லாம் சரியாக வந்தது, அதுதான் பிரச்சினை. இப்படியே இரண்டு முழம் போனால் ஓடுதளத்தில் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நினைப்பு அந்த ஓடுதளத்துக்கே போய்விட்டது. இடப்பக்கக் காற்று, புல்லின் உயரம், வால் எந்தப் பக்கம் நகரும் என்று.

குறுக்கிழையை நெருக்கும் தறியின் அச்சுப்பலகையை இழுத்து அடித்தேன். சரசரவென்று ஒரு சத்தம். நாடா பாவின் நடுவில் மாட்டியிருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் அரக்குச் சிவப்பு இழைகள் அறுந்து சுருண்டு நின்றன.

அம்மா கையிலிருந்த நாடாவைக் கீழே வைத்தாள். நான் குனிந்து குழிக்குள் பார்த்தேன். என் கால் மிதியின்மேல் இல்லை. தட்டிவிட்டுத் தானாக எழுந்து அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"இழ அறுந்துக்கினு கெடக்குது, நீ சிரிக்கிறியாடி?" என்றாள் அம்மா.

சிரித்தது எனக்கே தெரியவில்லை. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தார். இழைகளைப் பார்க்கவில்லை. "எங்க, சும்மா மிதி, பாக்கலாம்" என்றார். மிதித்தேன். கால் எழுந்துகொண்டது. இன்னொருமுறை, நிறுத்தவேண்டும் என்று நினைத்தே மிதித்தேன். அப்போதும் எழுந்துகொண்டது.

"நிக்க மாட்டேங்குதே," என்றார் அப்பா. கொஞ்ச நேரம் என் பாதங்களையே பார்த்தார். "எழுந்துக்கோம்மா. இது இனிமே உனக்கு வராது."

அவரும் அம்மாவும் சாயங்காலம்வரை ஒவ்வோர் இழையாக முடிச்சிட்டார்கள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அசையாமல் பிடி என்று அம்மா பலமுறை சொன்னாள். மறுநாள் அடுத்த தெருவிலிருந்து ஒருவர் காலையில் மட்டும் வந்து நெய்துதர ஒப்புக்கொண்டார். நான் முகாமுக்குக் கிளம்பியபோது சேலை தறியில்தான் இருந்தது.

தலைமை விமானி பேசாத மனிதர். அவர் உட்கார்ந்த அந்த ஒரு தடவையிலேயே மூன்றுமுறை மேலே போய் இறங்கினோம். முதல்முறை கொஞ்சம் துள்ளி இறங்கினேன், ஆனால் நேராகத்தான் ஓடியது. மூன்றாவது முடிந்ததும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் பெல்ட்டைக் கழற்றினார். இறங்கி, கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, விலகி நின்றார். தனியாகப் போ என்று அதற்கு அர்த்தம்.

பக்கத்து இருக்கை காலியானதில் விமானம் நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் மேலே எழும்பியது. ஒரு சுற்று. தண்ணீர், புல், மறுபடி தண்ணீர். இறக்கினேன். கால்கள் செய்ததை நான் கவனிக்கக்கூட இல்லை.

முகாமில் சிக்னல் கிடைக்கும் ஒரே மேட்டில் நின்று வீட்டுக்குப் பேசினேன். அப்பாதான் எடுத்தார்.

"எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேம்பா. தனியா."

சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாயிற்று என்றார். பெண் வீட்டார் பார்த்துவிட்டு ஒரு குறையும் சொல்லவில்லையாம். அம்மா பின்னாலிருந்து என்னவோ கேட்டாள், அடுத்து எப்போது வருகிறேன் என்றிருக்கும்.

"வந்தா சும்மா வந்துட்டுப் போ," என்றார் அப்பா. "தறியில உக்காருன்னு சொல்ல மாட்டோம்."

சரிப்பா என்றேன். அதற்குள் காற்று கிழக்கே திரும்பியிருந்தது, கீழே மருந்துப் பெட்டிகளை ஏற்ற என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு மேட்டிலிருந்து இறங்கினேன்.