தோளில் தூக்கப்பட்டவன்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு சலூன் இருந்தது. அங்கே அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவுச் சட்டத்துக்குள், மட்டையோடு நிற்கும் என் தம்பியின் படம் தொங்கியது. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தின் கடைசி வருடங்கள் அவை. தம்பி தன் கல்லூரியின் கிரிக்கெட் கப்டன். துறைமுகத்தில் வேலை முடிந்து வருகிறவர்கள் அவனைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். அவன் விளையாடும் நாட்களில் அம்மா மாலை வரை ஒன்றும் சாப்பிடமாட்டாள்.

அவனுக்குக் கண் மங்கி வருவதை முதலில் கவனித்தவள் நான். அப்போதுதான் ஆசிரியை வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கரும்பலகையைக் கண்ணை இடுக்கிப் பார்க்கும் பிள்ளைகளைத் தினமும் கண்டுகொண்டிருந்தேன். ட்ராம் வண்டி கிட்ட வரும்வரை அதன் பலகையை அவனால் வாசிக்க முடியவில்லை. கண்ணாடி போடச் சொன்னேன். "கப்டன் கண்ணாடியோட இறங்கினால் சனம் என்ன சொல்லும் அக்கா?" என்றான். பிறகு ஒருநாள் துணிந்து, பயிற்சி தரும் மாஸ்டரிடமே போய்ச் சொன்னான். அவர் அவன் முதுகில் தட்டிச் சிரித்தாராம். "கண் தெரியாமலே இந்த அடி அடிக்கிறாய். தெரிஞ்சால் கொழும்பு தாங்குமோ?" அந்தப் பகிடி கல்லூரி முழுக்கப் பரவிற்று. அதன்பின் அவன் யாரிடம் உண்மையைச் சொன்னாலும் சிரிப்புத்தான் பதிலாக வந்தது.

அந்த வருடத்துப் பெரிய ஆட்டத்துக்கு அப்பாவோடு நானும் போயிருந்தேன். தம்பி இறங்கிச் சற்று நேரத்தில் பந்து அவன் காலில் பட்டது. அம்பயர் விரலை உயர்த்தினார். வெள்ளவத்தையில் குடியிருந்த, ஐரோப்பிய வழிவந்த வயதான பறங்கியர் அவர். தம்பி மறுபேச்சில்லாமல் திரும்பி நடந்தான். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கோ அவன் அவுட்டாவது நடக்கக்கூடிய காரியமாகவே படவில்லை. "கள்ள அம்பயர்!" என்று ஒரு குரல். கற்கள் பறந்தன. அம்பயர் நெற்றியைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டு விழுந்தார். தம்பி மட்டையைப் போட்டுவிட்டு அவரை நோக்கி ஓடினான். மைதானத்துக்குள் பாய்ந்த சனம் ஓடியவனை வழியிலேயே மறித்துத் தோளில் தூக்கிக்கொண்டது. எங்கள் கூடாரத்தைத் தாண்டும்போதுதான் அவன் கத்துவது என் காதில் விழுந்தது. "விடுங்கோடா! அவர் அவுட் சரியாத்தான் தந்தவர். எனக்குப் பந்தே தெரியேல்லை!" அவன் வாய் திறக்கும்போதெல்லாம் கூட்டம் இன்னும் பலமாக ஆர்ப்பரித்தது. அவன் அழுதுகொண்டிருந்தான். என் பக்கத்தில் அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

அதன்பின் அவன் மட்டையைத் தொடவில்லை. கண் டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். கண்ணாடி கிடைத்த கிழமையே இருவரும் ரயிலேறி வெள்ளவத்தைக்குப் போனோம். வழியெல்லாம் கடலையே பார்த்துக்கொண்டு வந்தான். "அலை அவ்வளவு தூரத்திலயே உடையுது, என்னக்கா?" என்றான்.

அம்பயர் நெற்றிக் கட்டோடு வந்து எங்களை இருக்கச் சொன்னார். தம்பி மன்னிப்புக் கேட்டதை அவர் சரியாகக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவரை வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. "உண்மையைச் சொல்லு மகன், அந்தப் பந்து ஸ்டம்புக்கு வெளியே போயிருக்குமா? இத்தனை பேர் சொல்கிறார்களே" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நான் பந்தைப் பார்க்கவில்லை, சேர்" என்றான் தம்பி. அவர் தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமலே கீழே வைத்தார். அவர் மறுபடி அம்பயராக நிற்கவேயில்லை என்று பின்னர் அறிந்தோம். கல் எறிந்தவர்கள், தங்களுக்கே தெரியாமல், அந்த மனிதரின் நிச்சயத்தையும் உடைத்துவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை.

தம்பி துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றான். போன மாதம் அவன் காலமானான். செத்தவீட்டுக்கு, முன்பின் அறியாத ஒரு கிழவர், கல்லூரிக் கழுத்துப்பட்டி அணிந்த பேரனோடு வந்தார்.

"டீச்சர், அண்டைக்கு அவர் அவுட் இல்லை. முதல் கல்லை நான்தான் எறிஞ்சனான்" என்றார், ஏதோ பெரிய சேவை செய்தவர்போல.

"தான் அவுட் எண்டு அவனே கத்தினானே, ஐயா."

கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அதுதானம்மா அவற்ர பெரிய மனசு" என்றார். பிறகு பேரனைப் பெட்டியருகே இழுத்து, "காலைத் தொட்டுக் கும்பிடு" என்றார்.

அவன் குனிந்தான்.