திரைக்குப் பின்னால் பாடியவள்

அரிதாரத்தைத் தேங்காயெண்ணெயில் குழைக்கும்போது ஒரு மணம் வரும். பழைய பட்டும் வேர்வையும் அதோடு சேர்ந்துகொண்டால் போதும் – கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம், இது நாடகக்காரர் வேடம் கட்டும் அறை என்று. போன வியாழக்கிழமை பின்னேரம் ஜிந்துப்பிட்டிக் கொட்டகையின் பின்கதவால் நுழைந்தேன். மணம் முகத்தில் அறைந்தது.

நான் போனது மணம் பிடிக்க அல்ல. இந்த வாரம் கொழும்பில் எங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்லவேண்டுமே! அதற்குத்தானே பத்திரிகையின் இந்த மூலையை எனக்குத் தந்திருக்கிறார்கள்?

சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை வெள்ளவத்தையில் கர்நாடக சங்கீதம். அக்கரை இந்தியாவிலிருந்து வரும் வித்துவான் கப்பலிலேயே இருமத் தொடங்கிவிட்டாராம், ஆனாலும் பாடுவாராம். ஞாயிற்றுக்கிழமை கடற்கரை ஹோட்டலில் ஜாஸ் பாண்டு. கோட்டும் டையும் இல்லாதவர்கள் மதிலுக்கு இப்பால் நின்று கடற்காற்றோடு சேர்த்துக் கேட்கலாம். நான் அப்படிக் கேட்கிறவன்தான். புதன்கிழமை துரைமாரும் துரைசானிமாரும் தங்களுக்குள் நடித்துக்கொள்ளும் இங்கிலீஷ் நாடகம். கவர்னர் வருகிறார் – ஆகவே நல்ல நாடகம். ஜிந்துப்பிட்டியில் வெள்ளி முதல் புதுக் கம்பெனி.

பட்டியல் முடிந்தது. ஆனால் மணம் முடியவில்லை...

எட்டு வருடங்களுக்கு முன் இதே அறை. இதே வேலை. அப்போது வந்திருந்த கம்பெனியின் மானேஜரிடம் தேதிகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, “அப்ப நான் வாறன்” என்றேன். கண்ணாடிக்கு முன்னால் அரைமுகத்துக்கு மஞ்சள் பூசியிருந்த ராணி வேடக்காரி வெடுக்கென்று திரும்பினாள். நோட்டீசில் அவளை மதுரைக்காரி என்று போட்டிருந்தார்கள். நானும் அப்படியே எழுதியிருந்தேன்.

“அண்ணை, நீங்கள் எந்த ஊர்?”

மதுரைக்காரி எங்கே ‘அண்ணை’ என்று கூப்பிடுவாள்?

“மன்னார். கீரிக் கிராமம்.”

“நான் தாழ்வுபாடு” என்றாள், பூசாத பாதி முகத்தால் சிரித்து. “சந்தியாப்பிள்ளையற்ர மகள் திரேசு. ஞாபகமிருக்கோ?”

இருக்காதா? மன்னார்த் தீவில் அந்த வருடம் அவள் பெயரைச் சொல்லித் துப்பாதவர்கள் யார்? துப்பியவர்கள் பக்கத்தில் நானும் நின்றிருந்தேன். நான் துப்பவில்லை. நின்றேன். அது என்ன பெரிய வித்தியாசம்?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் கோயில் திருநாளுக்குக் கூத்துப் போடுவார்கள். அது பொழுதுபோக்கு அல்ல; புனிதருக்குச் செய்யும் நேர்த்திக்கடன். ஆடுவதும் பாடுவதும் ஆண்கள் மட்டும். ராணியும் ஆண், தோழியும் ஆண், வேதத்துக்காகத் தலை கொடுக்கும் கன்னிகையும் ஆண். தாழ்வுபாட்டில் ராணி என்றால் சந்தியாப்பிள்ளையர். பகலில் வலை இழுக்கிற கை. மேடையில் ஏறினால் வெற்றிலைக் கொடி மாதிரி வளையும். கல்யாணத்துக்குச் சேலை கட்டும்போது கொய்யக மடிப்புப் பிடிக்கத் தெரியாத பெண்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மனைவி செத்த பிறகு அவளுடைய கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டுதான் ஒவ்வொரு வருடமும் ராணியாக வந்தார். சேலையை மடித்துக் கொடுத்து, கொண்டையைச் செருகி, பாட்டு மறந்தால் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள் திரேசு.

ஒரு திருநாளுக்கு மூன்று நாள் முன்னால் அவருக்குக் காய்ச்சல். தொண்டை கட்டிப்போயிற்று. காற்றுத்தான் வருகிறது, குரல் வரவில்லை. வேடத்தை வேறு யாருக்காவது விட்டுக்கொடுக்கலாம். கொடுப்பாரா? மகளைக் கூப்பிட்டார். “நீ திரைக்குப் பின்னால நிண்டு பாடு. நான் வாயை அசைக்கிறன்.”

அவள் பாடினாள். நான் அன்று சனத்தோடு மணலில் இருந்தேன். ஐயோ, அந்தக் குரல்! கடல் ஒரு கணம் அலை உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்ட மாதிரி... “சந்தியாப்பிள்ளை ஒரு வருசமும் இப்பிடிப் பாடேல்லை” என்று பக்கத்திலிருந்த கிழவர் கண்ணைத் துடைத்தார். மேடையில் ஏறிச் சால்வை போர்த்தினார்கள். சந்தியாப்பிள்ளையர் குனிந்து வாங்கிக்கொண்டார்.

விடிகிற நேரம் கச்சான் காற்று எழும்பிற்று. எங்கள் தீவில் காற்றுக்குக் கூத்தென்றும் இல்லை, கோயிலென்றும் இல்லை. திரைச்சீலையைத் தூக்கித் தலைக்குமேல் எறிந்தது. பின்னால் ஒரு பெண்பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றாள்.

கோயில் மூப்பர் மேடைக்கு வந்தார். “சந்தியாப்பிள்ளை, இதென்ன?”

கூறைச்சேலையும் சால்வையுமாக நின்ற ராணி சொன்னார்: “எனக்குத் தெரியாது மூப்பர். பிள்ளை தன்ர எண்ணத்துக்குப் பாடிப்போட்டுது.”

தன் வாயிலிருந்து விடியுமட்டும் யாருடைய பாட்டு வந்தது என்று ஒருவருக்குத் தெரியாதா? ஊர் நம்பியது. நம்புவது வசதியாக இருந்தது. அவர் பொய்யர் என்றால் ராணி இல்லை, ராணி இல்லையென்றால் கூத்து இல்லை. அவள் குற்றவாளி என்றால்? ஒரு பெண்பிள்ளை – அவ்வளவுதானே. அந்த வருடம் மீன் படவில்லை. நேர்த்தியில் பெண்குரல் விழுந்ததால்தான் என்றார்கள். ஆண் சேலை கட்டினால் புனிதருக்குப் பிரியம். அதே சேலைக்குச் சொந்தக்காரியின் மகள் பாடினால் வலைக்குச் சாபம்!

மூப்பருடைய மனைவி கோயிலில் அவள் பக்கத்தில் முழங்காலில் இருக்க மறுத்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலுக்கு நின்ற ஒரு நாடகக் கம்பெனியோடு திரேசு அக்கரைக்குப் போய்விட்டாள். “பாத்தீங்களோ, அப்பவே தெரியும்” என்றது ஊர்.

இத்தனையும் நினைவுக்கு வர நான் குறிப்புப் புத்தகத்தை மூடினேன். அவள் மீதி முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டே கேட்டாள்.

“ஊருக்குப் போறனீங்களோ?”

“அடுத்த கிழமை. அரசாங்கக் கச்சேரியில ஒரு காணி அலுவல்.”

“அப்ப அப்பாவைக் காணுங்கோ. கம்பெனி திரும்பிப் போகேக்கை ரயில் மன்னாரில நிக்கும். நான் இறங்கவேணும் அண்ணை. அம்மாவின்ர குழியில ஒரு மெழுகுதிரி கொழுத்தவேணும். சும்மா இறங்கினால் கல்லால எறிவினம். அப்பா மூப்பரிட்டப் போய், ‘நான்தான் பாடச் சொன்னனான்’ எண்டு ஒரு வசனம் சொன்னால் காணும்.”

“வேறொண்டும் சொல்லவேண்டாமோ?”

“அந்த ஒண்டைத்தான் பத்து வருசமாக் கேக்கிறன்.”

தாழ்வுபாட்டுக்குச் சைக்கிளில் போனேன். கருவாடு பரப்பிய பாய்களுக்கு நடுவே சந்தியாப்பிள்ளையர் நின்றார். மீசை இல்லை. கூத்துக்குப் பெயர் கொடுத்த நாளே பெண்வேடக்காரர் மீசையை எடுத்துவிடுவார்கள். திருநாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. அறுபதை நெருங்கிவிட்டார். நடை மட்டும் ராணியின் நடை.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கருவாட்டை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டார். கடைசியில் நிமிர்ந்து முதல் கேள்வி கேட்டார்.

“கொழும்பில சனம் வருதோ அவளுக்கு?”

“கொட்டகை கொள்ளாது. எழும்பி நிண்டு கைதட்டுறாங்கள்.”

“எழும்பி நிண்டோ...” காகம் ஒன்றைக் கல்லால் எறிந்து விரட்டினார். “நடை எப்பிடி? நான் பழக்கின நடையோ?”

“நீங்கள் பழக்கினதுதான்.”

“பின்னை!” என்றார். சந்தோஷம் ஒரு கணம் முகத்தில் ஏறியது. உடனே இறங்கியது. “எனக்குக்கூட ஊரில எழும்பி நிண்டு தட்டினதில்லை தம்பி.”

“மூப்பரிட்டச் சொல்லுவீங்களோ?”

“சொல்லாமல்? என்ர பிள்ளையெல்லே. ஆனால் இப்பச் சொன்னால் என்ன நடக்கும் தெரியுமோ? நேர்த்தியில பொய் சொன்னவன் எண்டு வேசத்தைப் பறிச்சுப்போடுவினம். வங்காலையில ஒருத்தன் இப்பவே மீசையை எடுத்துப்போட்டு நிக்கிறான்! கூத்து முடியட்டும். மேடையால இறங்கி நேரே மூப்பரிட்டப் போறன். இது சத்தியம்.”

“விடியப்புறம்?”

“விடியப்புறம். வேசத்தைக் கழட்ட முன்னம் போறன். அவளை வரச்சொல்லு.”

நான் நம்பினேன். கொழும்புக்கு அந்த வார்த்தையை நானே சுமந்துகொண்டு வந்தேன், கல்யாணச் செய்தி கொண்டுவருகிறவன் மாதிரி. எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான். பறிக்கப்படக்கூடிய ஒரு வேடத்துக்காக மகளையே விட்டவர், அதே வேடம் கையில் இருக்கும்போது அதை விடுவாரா? இத்தனை நாடகம் பார்க்கிறவனுக்கு இது தெரியவேண்டாமா?

அவள் மானேஜரோடு சண்டை பிடித்துக் கம்பெனியின் பயணத்தை இரண்டு நாள் தள்ளிவைத்தாள். கூத்து முடியும் விடியலில் மன்னாரைத் தாண்டும் மெயில் ரயில். “நீங்களும் வாங்கோ அண்ணை, ஊருக்குள்ள தனியாப் போகப் பயமாக் கிடக்கு” என்றாள். நானும் ஏறினேன்.

கம்பெனியின் பெட்டிகளெல்லாம் சாமான் வண்டியில். அவளுடைய சின்னப் பை ஒன்று மட்டும் மடியில். வெள்ளைச் சேலை. முகத்தில் மருந்துக்கும் பவுடர் இல்லை. முருங்கன் தாண்டியதும் எழுந்து கதவடியில் போய் நின்றுவிட்டாள். பெட்டிக்குள் உப்புக் காற்று வந்தது. பாலத்தைத் தாண்டும்போது, “எங்கட கடல் இன்னும் இந்த நிறம்தானோ?” என்றாள். வேறு எந்த நிறமாக மாறியிருக்க வேண்டும் என்று நினைத்தாளோ.

மன்னார் ஸ்டேஷன். வெளிச்சம் அப்போதுதான் மணலில் பரவுகிறது. அவர் வந்திருந்தார்!

ஓடி வந்திருக்கவேண்டும், மூச்சு வாங்கியது. வேட்டி கட்டியிருந்தார். காதுக்குப் பின்னால் மஞ்சள் இன்னும் கழுவப்படவில்லை. அவள் ஒரு காலைப் படியில் வைத்தாள்.

“அப்பா.”

“மெலிஞ்சுபோனாய் பிள்ளை.”

“சொன்னீங்களோ?”

“ராவைக்கு நீ பாத்திருக்கவேணும்... சனம் அழுதது. மூப்பற்ர பெண்சாதி விழுந்து மயங்கிப்போனா. சாமியார் கையைப் பிடிச்சுக்கொண்டு விடமாட்டன் எண்டிட்டார்.”

“அப்பா, சொன்னீங்களோ?”

அவர் ரயில் சக்கரத்தைப் பார்த்தார். “எல்லாரும் சந்தோசமா நிண்ட நேரம் பிள்ளை. அந்த நேரத்தில போய் எப்பிடி...”

கார்டு விசில் ஊதினார். அவள் படியில் வைத்த காலை மெதுவாக உள்ளே எடுத்தாள். அழவில்லை. பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய மெழுகுதிரியை அவர் கையில் கொடுத்தாள்.

“அம்மாவுக்குக் கொழுத்துங்கோ. என்ர பேரைச் சொல்லிக் கொழுத்துங்கோ.”

நான் இறங்கியிருக்கலாம். இறங்கி அவரை இழுத்துக்கொண்டு மூப்பர் வீட்டுக்குப் போயிருக்கலாம். நானும் அன்று மணலில் இருந்து கேட்டவன்தான் என்று சொல்லியிருக்கலாம். வண்டி அசைந்தபோது நான் அவளுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் நின்றேன். சிலருக்கு உலகம் முழுவதும் நாடகக் கொட்டகை. தங்களுக்கு அதில் ஒரு ஸீட்டு மட்டும்தான் உண்டு என்ற நினைப்பு.

தலைமன்னாரில் அவள் கப்பல் ஏறினாள். பிறகு ரங்கூன் என்றார்கள், பினாங்கு என்றார்கள். என் பட்டியலில் அவள் பெயர் திரும்ப வரவில்லை. சந்தியாப்பிள்ளையர் போன மாதம் இறந்துபோனார் என்று ஊரிலிருந்து கடிதம் வந்தது. அந்த ஒரு வசனத்தை இனி அவர் சொல்லப்போவதில்லை. ஆகவே நான் எழுதுகிறேன், பிந்திப்போனாலும். மூப்பர் இந்தப் பத்திரிகை வாசிக்கிறவர்: ஐயா, அவளைப் பாடச் சொன்னது அவர்தான்.

அன்று காலை வண்டியோடு கொஞ்சத் தூரம் அவர் கூடவே ஓடிவந்தார். மெழுகுதிரியை நெஞ்சோடு பிடித்திருந்தார். வாய் அசைந்தது, எஞ்சின் இரைச்சலில் குரல் கேட்கவில்லை. பிளாட்பாரம் முடியும் இடத்தில்தான் கேட்டது.

“கோவிக்காதை பிள்ளை, வாற வருசம் கட்டாயம் சொல்லுறன்... வாற வருசமும் ராணி நான்தானாம்!”