சாயக்குழி டெண்டரில் அண்ணனின் பெயர்

எங்கள் அண்ணன் கால் தவறிக் குழியில் விழுந்து இறந்ததாக இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்டீர்கள். அவர் விழவில்லை, இறங்கினார். அதைவிடக் கொடுமை, அந்தச் சாவுக்கு அவரே பொறுப்பு என்று அரசாங்கக் கோப்பில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த வரியை அடிக்க வைப்பதற்குள் எங்களுக்கு ஒரு வருஷம் ஓடிவிட்டது. திதிக்குப் போடும் நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். நான் நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஆந்திர எல்லையில் நகரியில். எங்கள் அப்பா, நைனாவுக்குக் கைத்தறி. நாங்கள் நான்கு பேர்; மூத்தவர் அண்ணன், கடைசித் தங்கை நான். தெருவுக்கு விசைத்தறி வந்ததும் நைனாவின் தறி நின்றது. நடுவில் இருந்த இருவரும் பெங்களூருக்குப் பிழைக்கப் போனார்கள். அண்ணன் ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியது அங்கேதான். பட்டறையை மூடியபோது அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

அந்தச் சமயத்தில் அரசாங்கம் பல வேலைகளை வெளிக் கம்பெனிகளுக்கு விடத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடக் கூரையில் சூரிய மின்தகடு வைப்பது, கழிவு அள்ளுவது, ஏரி சுத்தம் செய்வது, எல்லாவற்றுக்கும் டெண்டர். கம்பெனிக்காரர்களிடம் லாரி இருந்தது, டெண்டர் விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆள் இல்லை. அண்ணன் படித்தது தெலுங்குப் பள்ளி, வீட்டில் தமிழ். இங்கிலீஷை டெண்டர் அறிவிப்புகளைப் படித்துப் படித்தே கற்றுக்கொண்டார். திருப்பதியில் ஒரு சின்ன அறை எடுத்து உட்கார்ந்து எழுதினார். வேலையை எப்படிச் செய்வோம் என்று சொல்லும் உறை ஒன்று, விலை சொல்லும் உறை ஒன்று. முதல் உறையில் தேறாவிட்டால் இரண்டாவதைப் பிரிக்கவே மாட்டார்கள். அந்த முதல் உறைதான் அண்ணனின் தொழில்.

அவர் எழுதியவை ஜெயித்ததற்குக் காரணம், போய்ப் பார்க்காத இடத்துக்கு அவர் எழுத மாட்டார். மற்றவர்கள் பழைய டெண்டரைப் பார்த்து அப்படியே காப்பி அடிப்பார்கள். ஒருமுறை ஒருவர் திருத்தித் தரச் சொல்லிக் கொண்டுவந்ததை அண்ணன் எங்களுக்குப் படித்துக் காட்டினார். "கடல் அலை வேலையை பாதிக்காம பாத்துக்குவோம்னு எழுதிக்கினு வந்துக்கிறான்மே. சந்திரகிரில ஏதுமே கடலு?" அன்று அண்ணி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

எங்கள் தெருக்கோடியில் சாயப்பட்டறைக் கழிவு தேங்கும் பழைய குழி இருந்தது. கிணற்றுத் தண்ணீர் ஒரு நாள் சிவப்பாக வரும், ஒரு நாள் பச்சையாக வரும். அதை அள்ளிச் சுத்தம் செய்ய டெண்டர் வந்தபோது, ஒரு வெளியூர்க் கம்பெனிக்காக அண்ணன் எழுதினார். விஷவாயுவை மீட்டரால் பார்க்காமல் யாரும் இறங்கக் கூடாது. மூச்சுக்கருவி இல்லாமல் காப்பாற்றக்கூட இறங்கக் கூடாது. இதெல்லாம் அவர் எழுதிய பாதுகாப்புப் பக்கங்களில் இருக்கிறது. பயிற்சி பெற்ற பாதுகாப்பு அதிகாரி யார் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். கம்பெனியில் அப்படி ஒருவரும் இல்லை. மேனேஜர் வீட்டுக்கே வந்தார்.

"உங்க பேரப் போட்டுக்கோங்கண்ணே. பேப்பர்ல தானே."

இந்தத் தொழிலில் இது சகஜம். சான்றிதழ் வைத்திருப்பவர் பெயரை இரவல் வாங்கி எழுதிவிடுவார்கள், வேலைக்கு அந்த ஆள் வரவே மாட்டார். அண்ணன் அதுவரை யாருக்கும் பெயர் கொடுத்ததில்லை. அண்ணி தடுத்திருக்கிறார்.

"இன்னாத்துக்கு உங்க பேரு? அவன் இன்னா உங்களுக்கு சம்பளம் குடுக்கறானா?"

"நம்ம ஊருக் குழிமே. என் பேரு இருந்தாதான் நான் போய் நின்னு கேக்க முடியும்."

அது தப்பு. என் அண்ணன் செய்த தப்பு. மறைக்க மாட்டேன்.

டெண்டர் கிடைத்தது. குழி வாசலில் பலகை வைத்தார்கள். அதில் அண்ணனின் பெயரும் போன் நம்பரும். ஆட்கள் வந்தார்கள், மீட்டர் வரவில்லை. மூன்றாம் நாள் காலை அண்ணன் அங்கே போய், யாரும் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கம்பெனியில் சண்டை போட்டு மீட்டரை வாங்கிவரத் திருப்பதிக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே போன் வந்தது. மேனேஜர் சொல்லி ஒருவர் இறங்கி, உள்ளே மயங்கிக் கிடக்கிறார். அண்ணன் ஆட்டோ பிடித்து ஓடினார்.

தீயணைப்பு வண்டி வரட்டும் என்று அங்கிருந்தவர்கள் கையைப் பிடித்திருக்கிறார்கள்.

"அது வர்றதுக்குள்ள இவன் இருக்க மாட்டான்டா. கயிறப் புடி."

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அந்த ஆளுக்குக் கட்டினார். அவரை மேலே இழுத்தார்கள். கயிற்றை மறுபடி விட்டபோது பிடிக்க அண்ணனுக்குக் கை வரவில்லை. இறங்கக் கூடாது என்று எழுதியவருக்கு என்ன ஆகும் என்று தெரியாதா? ஒரு வருஷமாக இதையே நினைக்கிறேன். அவர் மேலேயும் கோபம் வருகிறது.

பிரேதப் பரிசோதனைக்குத் திருப்பதியில் காத்திருந்தோம். மேனேஜர் கோப்போடு வந்தார். "சூடம்மா, மீ அன்ன சந்தகம்" என்று தெலுங்கில் சொல்லி, அண்ணனின் கையெழுத்தைக் காட்டினார். பிறகு தமிழில், "சேஃப்டி ஆபீசர் அவருதாம்மா. அவரே ரூல மீறி இறங்கிட்டாரு. நாங்க இன்னா பண்றது?" என்றார். பலகையில் அண்ணன் பெயரைப் பார்த்தபோது, ஊர்க்காரர் கூப்பிடுவதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்; பாதுகாப்பு அதிகாரி என்று பெயர் கொடுத்த விஷயம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளே உடம்பு கிடக்கிறது, வெளியே பழி போடுகிறார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

சித்தூரில் விசாரணை நடந்தது. கம்பெனி ஆட்கள் வரிசையாக வந்து, ஆட்களை இறக்கியது அண்ணன்தான் என்றார்கள். கடைசியில் ஒருவர் எழுந்தார். அண்ணன் கயிறு கட்டி அனுப்பிய அதே ஆள். சாந்திபுரத்துப் பக்கத்துக் கூலிக்காரர்.

"எறங்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் சார் அந்தண்ணன் போனாரு. எறங்கலன்னா நாளைக்கு வராதன்னு மேனேஜர்தான் சொன்னாரு. நான் எறங்கனேன். என்ன தூக்கி உட்டுட்டு அவரு உள்ளயே நின்னுட்டாரு சார்."

மறுநாள் அவருக்கு வேலை இல்லை. அதற்கப்புறம் எந்த கான்ட்ராக்டரும் கூப்பிடவில்லை. ஆனால் சாவுக்குப் பொறுப்பு அண்ணன் என்ற வரி போன மாதம் அடிக்கப்பட்டது. செய்யாத பதவிக்குப் பெயர் கொடுத்தது தவறு என்ற வரி மட்டும் நிற்கிறது. நிற்கட்டும், அது உண்மை.

உடலைக் கொண்டுவர வண்டி கொடுத்தவர்களுக்கும், ஒவ்வொரு விசாரணைக்கும் எங்களோடு சித்தூர் வந்த தெருக்காரர்களுக்கும், வேலையை விட்டு வந்த பெங்களூர் அண்ணன்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சாந்திபுரத்துக்காரர் இன்று மனைவியோடு திதிக்கு வருகிறார். அண்ணிதான் கூப்பிட்டார். "இவனாலதான் அவரு போனாரு" என்று உறவில் சிலர் பேசியது என் காதுக்கு வந்தது. யார் யார் என்று எனக்குத் தெரியும். அந்த வாயை இன்று மூடிக்கொண்டு வாருங்கள். முதல் பந்தியில், அண்ணன் பிள்ளைகளுக்கு நடுவில், அவருக்குத்தான் இலை.