முதுகு மட்டும்தான் தெரியும் என்றார்கள்

எங்கள் ஊர் அன்னூர் பக்கம். டி.வி.க்காகக் கிராமத்துக் காதல் கதை ஒன்றை எங்கள் தோட்டத்தில் படம் பிடித்தார்கள். கல்யாணக் காட்சியன்று நடிகை வெயில் தாங்காமல் மயங்கி விழுந்துவிட்டார். "உங்க பொண்ணைக் கொஞ்சம் மணவறையில உட்காரச் சொல்லுங்கம்மா. முதுகு மட்டும்தான் தெரியும்" என்று டைரக்டர் கெஞ்சினார். நானும் சரியென்றேன். கதாநாயகன் தாலி கட்டினான். காட்சி முடிந்ததும் மகள் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். நாடகம் ஒளிபரப்பான அன்று, அவளுக்கு நிச்சயம் செய்திருந்த பல்லடம் மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போன் போட்டு, "அந்தக் கல்யாணப் பொண்ணு நம்ம புள்ளைதானுங்க" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் காலையிலேயே மாப்பிள்ளையின் அம்மா வந்து நின்றார். "ஏனுங்க அம்மணி, ஊரே பாக்கத் தாலி ஏறுன கழுத்துல எம்பையன் இன்னொருக்காக் கட்டோணுமாங்க?"

"அது நாடகமுங்க" என்றேன். கொடுத்த காபியைக்கூடத் தொடாமல் போய்விட்டார். அதன்பிறகு பெண் பார்க்க வந்தவர்களும் அந்தத் தாலியைப் பற்றியே கேட்டார்கள்.

இப்போதெல்லாம் ஷூட்டிங் என்று யார் வந்தாலும் நான் கேட்டைத் திறப்பதில்லை. அந்த நடிகைக்கு எத்தனையோ நாடகங்களில் கல்யாணம் ஆகிவிட்டது. என் மகளுக்குத்தான் இன்னும் ஆகவில்லை.