அவன் ரொறன்ரோவுக்கு வருவானா?

லண்டனில் மிச்சம் என்கிற ஊரில், எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசைக்கு வருகிற கூட்டத்தில் பேஸ்போல் பார்க்கிறவர்கள் மொத்தம் மூன்று பேர். பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி ஊற்றும்போது மற்றவர்கள் எல்லாரும் புட்போல் கதைப்பார்கள். நாங்கள் மூவரும் ஹீற்றருக்குப் பக்கத்து மேசையில் ஒதுங்கிவிடுவோம். "என்ன, உங்கடை தும்புத்தடி விளையாட்டு எப்பிடிப் போகுது?" என்று பேஸ்போல் மட்டையைத் துடைப்பக்கட்டையாக்கி யாராவது சொறிந்துவிட்டுப் போவார்கள்.

முதலாவது நான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, ஐம்பத்தாறு வயது, வாய் கொஞ்சம் நீளம். இரண்டாவது பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். என் அண்ணனோடு ஒரே வகுப்பில் படித்தவர். எதைச் சொன்னாலும் "சரிவராது" என்று தொடங்குகிற மனிதர். மூன்றாவது தமிழ்நாட்டுக்காரர், எஞ்சினியர். சில வருடம் அமெரிக்காவில் இருந்ததால் எங்களில் விதிமுறை முழுவதும் தெரிந்த ஒரே ஆள். என்னை அக்கா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன்.

லண்டனில் இருந்துகொண்டு ரொறன்ரோ அணிக்குக் கத்துவது என்ன கூத்து என்று கேட்பவர்களுக்கு நான் மறுமொழி சொல்வதில்லை. காரணம் என் அண்ணன். கனடாவுக்குப் போன புதிதில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, ஆட்டம் முடிந்த பிறகு மைதானத்தின் கதிரைகளுக்குக் கீழே கிடக்கும் சூரியகாந்தி விதைக் கோதுகளைக் கூட்டி அள்ளுவது. கூட்டம் கலையும்வரை காத்து நின்ற நேரத்தில் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து விசராகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் "சுகமே?" "சுகம்." அத்தோடு குடும்பக் கதை முடிந்துவிடும். மிச்ச நேரம் முழுவதும் பேஸ்போல். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பாசத்தை வாயால் சொல்லத் தெரியாது, எனக்கும் தெரியாது, அதனால் அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

நவம்பர் தொடக்கத்தில் என் வலக் கண்ணின் விழித்திரை கிழிந்தது. ஒப்பரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டு, விழித்திரையை அந்தக் குமிழி அமுக்கிப் பிடித்திருக்கும் என்றார்கள். மணிக்கட்டில் ஒரு பச்சைப் பட்டி கட்டினார்கள். குமிழி முழுதாகக் கரையும்வரை விமானத்தில் ஏறக் கூடாது, ஏறினால் மேலே போகப் போகக் குமிழி விரியும், கண் போய்விடும். எட்டுக் கிழமை, சிலவேளை பத்து. "எனக்கு எங்கை பிளேன், பக்கத்திலை டூட்டிங்குக்குப் போறதே பெரிய காரியம்" என்று நேர்ஸிடம் பகிடி விட்டேன்.

ஆறாம் நாள் மச்சாள், அண்ணன் பெண்சாதி, போன் எடுத்தார். அண்ணனுக்கு ஈரலில் புற்றுநோய். கண்டுபிடிக்கும்போதே முற்றிவிட்டது. டிசம்பர் நத்தாரைத் தாண்டினால் நல்லது என்று டொக்டர் சொன்னாராம்.

நான் சூட்கேசை இறக்கினேன். ஒரு கண் போனால் போகட்டும், மற்றது இருக்குத்தானே என்று அண்ணனிடமே சொன்னேன். "கண்ணை விட்டிட்டு இஞ்சை வந்தியோ, கதவு திறக்க மாட்டன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள். சூட்கேஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் திறந்தபடியே கிடந்தது.

அந்த நேரத்தில்தான் அவனைப் பற்றிய கதை கிளம்பியது. அவன் என்றால் அவன்தான், அந்த விளையாட்டிலேயே பெரிய அடிகாரன். இடக்கைக்காரன். ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலையில் நின்றான். ரொறன்ரோவும் கேட்டிருக்கிறது என்று செய்தி வந்தது. அண்ணனின் குரலே மாறிவிட்டது. "பிள்ளை, கேட்டியே? அவன் மட்டும் வந்தானெண்டா, முதல் மட்ச் பாக்காமல் நான் போக மாட்டன்" என்றார்.

முதல் மட்ச் மார்ச் கடைசியில். குமிழி எப்படியும் ஜனவரியில் போய்விடும். நான் விரல் மடித்து எண்ணினேன். அவன் வந்தால் அண்ணன் இருப்பார், அண்ணன் இருந்தால் நான் போய்ச் சேருவேன். என் தலைக்குள் கணக்கு அவ்வளவு வடிவாகப் பொருந்திவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இதைச் சொன்னேன். எஞ்சினியர் தம்பி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அக்கா, அவன் கையெழுத்துப் போடுறதுக்கும் அண்ணன் உடம்புக்கும் சம்பந்தமே இல்லைங்களே."

"உம்மட்டை ஆர் சம்பந்தம் கேட்டது? வருவானோ மாட்டானோ, அதைச் சொல்லும்."

"வர்றதுக்கு வாய்ப்பு இருக்கு. ஆமா. அவங்களுக்கு இடக்கை ஆள் தேவை."

"சரிவராது" என்றார் கடைக்காரர். "அந்தக் குளிருக்கை அவன் ஏன் போறான்? கலிபோர்னியாவிலை வெய்யில் காய்ஞ்சு கொண்டு விளையாடலாம். கடைசியா ரொறன்ரோவுக்கு எண்டு சொன்ன ஆக்கள் எத்தினை பேர், வந்தது ஆர்?"

"உங்கடை நாக்கிலை சனி" என்றேன். பூசை முடிந்த கையோடு கோயில் மண்டபத்தில் சொல்லக் கூடாத சொல்தான்.

அதற்குப் பிறகு வதந்திக்குக் குறைவில்லை. எங்கள் ஆட்கள் ரொறன்ரோவில் கால் வைக்காத இடம் ஏது? கடைக்காரரின் தங்கை மகன் விமான நிலையத்தில் ரக்சி ஓடுகிறான், அவனுடைய சிநேகிதன் ஏற்றிய உயரமான ஆள் தொப்பியை இழுத்து விட்டிருந்தானாம். மச்சாளின் ஒன்றுவிட்ட தம்பி வீடு விற்றுக் கொடுக்கிற வேலை. ரொறன்ரோவில் வீடு விற்காத தமிழன் ஆர்? ஏரிக்கரையில் எட்டு அறை வீடு ஒன்றை யாரோ பெயர் சொல்லாமல் கேட்டிருக்கிறார்கள் என்றான். எட்டு அறை எதற்கு என்று நாங்கள் அரை மணித்தியாலம் வாக்குவாதப்பட்டோம். மூன்று பிள்ளைகள், மாமன், மாமி, ஒரு சமையல்காரன் என்று அவன் குடும்பத்தை நாங்களே அறை அறையாகக் குடிவைத்தோம். "எங்கடை ஆக்கள்தான் அந்த அளவு வீடு தேடுவினம்" என்றார் கடைக்காரர்.

நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. மிச்சம் கோயில் மண்டபத்தில் மூன்று பேர் மீன் பற்றிஸைக் கடித்துக்கொண்டு வருவான் என்றால் வந்துவிடுவானா? ஆனால் வேறு என்ன செய்ய? சமைத்துக் கொடுக்க ஏலாது, கையைப் பிடிக்க ஏலாது, பக்கத்தில் இருக்க ஏலாது. வருவான் என்று சண்டை பிடிப்பது ஒன்றுதான் என்னால் ஏலுமாக இருந்தது.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் இரண்டு மணிக்கு, அங்கே காலை, அண்ணன் எடுப்பார்.

"குமிழி எவ்வளவிலை?"

குமிழிக்கு மேல்விளிம்பு ஒன்று தெரியும், ரசமட்டத்தில் தெரிகிற மாதிரி. தலையை ஆட்டினால் அதுவும் ஆடும். அந்தக் கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கலங்கல். ஒவ்வொரு நாளும் கோடு கொஞ்சம் இறங்கும்.

"இண்டைக்கு மூக்கு மட்டத்துக்கு வந்திட்டுது. அவன் எவ்வளவிலை?"

"கதைச்சுக் கொண்டிருக்கினமாம்."

இவ்வளவுதான். சில நாள் இதற்கே அவருக்கு மூச்சு வாங்கும். பின்னால் மச்சாள் போனை வாங்கி, "கொஞ்சம் களைப்பு, வேறை ஒண்டுமில்லை" என்பார். எங்கள் ஆட்கள் களைப்பு என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியாத மாதிரி "ஓம், படுக்கட்டும்" என்பேன்.

டிசம்பர் நடுவில் ஒரு செய்தி வந்தது. அவன் கலிபோர்னியாப் பக்கம் சாய்ந்துவிட்டான், கிட்டத்தட்ட முடிந்த மாதிரி. அன்று அண்ணன் எடுக்கவில்லை. நான் எடுத்தேன், மச்சாள் அழைப்பை வெட்டிவிட்டார்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைக்குரிய எங்கள் புனிதரைத் தெரியாத யாழ்ப்பாணத்தவர் இல்லை, சமயம் எதுவாயிருந்தாலும் அவரிடம் போவார்கள். தொலைந்த பூட்டுத் திறப்பு முதல் தொலைந்த பிள்ளை வரைக்கும் தேடித் தருகிறவர். நான் மெழுகுதிரி கொளுத்திவிட்டு அவருக்கு முன்னால் நின்றேன். அண்ணனைச் சுகப்படுத்தும் என்று கேட்கத்தான் போனேன். வாய் வரவில்லை. முற்றின ஈரலைத் திருப்பித் தா என்று கேட்டால் அது பெரிய கேள்வி, அவர் மேலே இன்னும் பெரிய ஆட்களிடம் கேட்டுத்தான் தர வேண்டும். சின்னதாகக் கேட்டால் தருவார் என்று நினைத்தேன். அவனைக் கையெழுத்து வைக்கப் பண்ணும், மிச்சத்தை அண்ணன் பார்த்துக்கொள்வார். தந்தீர் என்றால் ஒரு செவ்வாய்க்கிழமை பூசைக்கு வருகிற எல்லாருக்கும் என் கையாலே பணிஸ், அந்தச் சின்ன இனிப்பு ரொட்டி, சுட்டுக் கொடுப்பன். அப்படித்தான் நேர்த்தி வைத்தேன்.

இதை அறிந்த தம்பி தலையில் கை வைத்தார். "ஏங்க்கா, கேட்டதுதான் கேட்டீங்க, நேரா அண்ணனுக்கே கேட்டிருக்கலாமே?"

"உமக்குத் தெரியாது. பேசாமல் இரும்."

 கடைக்காரர் "சரிவராது" என்று சொல்லாத முதல் நாள் அது. நான் கனடாவுக்குப் போகக் கப்பல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாராம். இந்தக் குளிர்காலத்தில் அந்தப் பக்கம் ஆட்களை ஏற்றிப் போகிற கப்பல் இல்லையாம். அதையும் சொல்லிவிட்டு எனக்கு ஒரு பற்றிஸ் எடுத்து வைத்தார்.

நத்தாரைத் தாண்டினார் அண்ணன். டொக்டரே ஆச்சரியப்பட்டாராம். புதுவருடத்துக்கு அடுத்த நாள் போன் எடுத்தார். குரல் தூரத்தில் இருந்து வருகிற மாதிரி இருந்தது.

"குமிழி?"

"கோடு இல்லை அண்ணா இப்ப. உருண்டையாப் போச்சு, கடலையளவு. குனிஞ்சால் நடுவிலை நிக்குது. இன்னும் ரெண்டு கிழமை, கூடினா மூண்டு. அவன்?"

 அண்ணன் சிரித்தார். "நேற்று உங்கடை கடைக்காரன் எடுத்தவன். அவன் கட்டாயம் வருவானாம், சத்தியம் பண்ணுறான்."

"பாத்தீங்களே, அவரே சொல்லுறார்!"

"பிள்ளை, பள்ளிக்கூடக் காலத்திலை இருந்து எனக்கு அவனைத் தெரியும். ஒண்டுக்கும் ஓம் எண்டு சொல்லாதவன். அவனே வருவான் எண்டு சொல்லுறானெண்டா என்ரை நிலைமை சரியில்லைப் போலை."

 விசர்க் கதை கதையாதேங்கோ என்று ஏச வேண்டிய நேரம். ஏசவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் திறந்து கிடந்த சூட்கேசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான், "சரி, வைக்கிறன்" என்றார்.

அன்று பின்னேரமே கடைக்குப் போய், வாடிக்கையாளர் நிற்கிறார்கள் என்றும் பாராமல் கத்தினேன். "ஆர் உங்களை வருவான் எண்டு சொல்லச் சொன்னது? இவ்வளவு நாளும் வரமாட்டான் வரமாட்டான் எண்டு நிண்டனீங்கள், அப்பிடியே நிண்டிருக்கலாமே!" அவர் கல்லாவுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்தார். "எனக்கு அவனோடை வேறை என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை தங்கச்சி" என்றார். எனக்கும்தான் தெரியவில்லை. ஒரு பைக்கற் மாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எட்டு நாள் கழித்து, மத்தியானம் தம்பியின் போன் வந்தது. வேலையிடத்து வாசலில் நின்று எடுத்திருப்பார், பஸ் சத்தம் கேட்டது. "அக்கா! போட்டுட்டான்! ரொறன்ரோதான்! உறுதிங்க!"

 மச்சாளுக்கு எடுத்தேன். அண்ணன் முதல் நாளில் இருந்து கண் திறக்கவில்லை, பேச்சில்லை என்றார். "போனை அண்ணான்ரை காதிலை வையுங்கோ" என்றேன். வைத்தார். நான் கத்தினேன். "அண்ணா, அவன் வந்திட்டான்! கையெழுத்து வைச்சிட்டான்! பாக்காமல் போகமாட்டன் எண்டனீங்கள் எல்லே? அண்ணா, கேக்குதே? மார்ச் கடைசியிலை மட்ச். நானும் வந்திடுவன்." மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் கத்தினேனோ தெரியாது, மச்சாள் போனைத் திருப்பி வாங்கினார். "கேட்டிருக்கும்" என்றார். "விரலை ஆட்டின மாதிரி இருந்தது." ஆட்டினாரோ, எனக்காகச் சொன்னாரோ, நான் விசாரிக்கவில்லை.

இரண்டாம் நாள் அண்ணன் போய்விட்டார். குமிழி அப்போது மிளகளவு இருந்தது. அடக்கப் பூசையை நான் மேசையில் சாய்த்து வைத்த போனில் பார்த்தேன். குனிந்து கும்பிடும்போதெல்லாம் அந்த மிளகு சவப்பெட்டிக்கு மேலே வந்து நின்றது. அடுத்த புதன்கிழமை காலையில் எழும்பினேன், குமிழி இல்லை. எவ்வளவு குனிந்து பார்த்தும் இல்லை. கிளினிக்கில் நேர்ஸ் பச்சைப் பட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, இனி நீங்கள் எங்கேயும் பறக்கலாம் என்று சிரித்தாள். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? நானும் தாங்க்யூ சொன்னேன்.

புனிதரோடு சண்டை பிடிக்கத்தான் கோயிலுக்குப் போனேன். முன்னால் போய் நின்றேன். எதைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறது? நான் கேட்டதை அவர் தந்துவிட்டார்.

நேர்த்தி நேர்த்திதான், வைத்தால் கொடுக்க வேண்டும். அடுத்த திங்கள் மா குழைத்து, செவ்வாய் விடியவே எழும்பி நூற்று இருபது பணிஸ் சுட்டேன். கடைக்காரரும் தம்பியும் தட்டுகளைத் தூக்கி வந்தார்கள். மூவரும் வாசலில் நின்று கொடுத்தோம், ஒருவரும் பேஸ்போல் கதைக்கவில்லை. பிளேஸ்டோவில் இருந்து இரண்டு பஸ்ஸும் ட்ராமும் பிடித்து வருகிற ஒரு வயதான அம்மா பணிஸை வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தார். "என்ன நேர்த்தி பிள்ளை? கேட்டது கிடைச்சிட்டுதே?"

"ஓம் அம்மா" என்றேன். "கிடைச்சிட்டுது."