அம்மன் வராத படம்

அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்த நேரம் அது. அதைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டைக்கு இரண்டு பேர் வாய் திறக்க வேண்டும். எனக்கு டிரெஸ்டனில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது, நீரியல் படிக்க. நாங்கள் இருந்த ஹம்மிலிருந்து பார்த்தால் டிரெஸ்டன் ஜெர்மனியின் மற்ற முனை. இதை நான் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது அம்மா, "தண்ணியைப் பற்றிப் படிக்க அவ்வளவு தூரம் போகோணுமே? இஞ்சை கனாலிலை தண்ணி ஓடுதுதானே" என்றார். அத்தோடு வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அம்மா வீட்டுச் சாமான்களோடு கதைக்கத் தொடங்கினார். "சிலபேருக்குத் தேத்தண்ணி ஆறுது" என்று கேத்திலுக்குச் சொல்வார். "சிலபேர் மழைக்கை குடை இல்லாமல் போகினம்" என்று வாசற்கதவுக்குச் சொல்வார். நான் தேத்தண்ணியைக் குடித்தேன், குடையை எடுத்துக்கொண்டு போனேன். ஆனால் எங்கள் வீட்டில் நான் படர்க்கை ஆகிவிட்டேன். அப்பா தொழிற்சாலையில் மாறி மாறி இரவும் பகலும் வேலை செய்தார். வீட்டில் இருக்கும் நேரங்களில் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டினார். நடுநிலை வகிப்பது அவருக்கு ஒரு விதமான ஓய்வு.

அம்மாவின் காரணம் எனக்குத் தெரியும். அதை அவர் குசினி அடுப்படியில் வைத்து அப்பாவுக்குச் சொன்னார், எனக்குக் கேட்க வேண்டிய அளவு சத்தத்தில். "அங்கை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. காய்ச்சல் எண்டால் ஒரு கஞ்சி வைச்சுக் குடுக்க ஆர் இருக்கினம்? கலியாணம் கட்டாத பிள்ளை." கடைசியில், "நான் அம்மனிட்டைக் கேட்டுச் சொல்லுறன்" என்றார். திங்கட்கிழமைக்குள் நான் பல்கலைக்கழகத்துக்குப் பதில் அனுப்ப வேண்டும். அம்மாவை மீறிப் போகிற துணிவு எனக்கு இல்லை. இங்கே பிறந்து வளர்ந்ததால் அது தானாக வந்துவிடும் என்று என் ஜெர்மன் சிநேகிதிகள் நம்பினார்கள். வரவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா பஸ் எடுத்து ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போனார். பின்னேரம் திரும்பி வரும்போது கையில் கடதாசியில் மடித்த விபூதிச் சரையும் ஒரு டீவிடியும் இருந்தன. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த தமிழ்க் கடையில் வாழைக்காய், உறைந்த பாரை மீன், டெலிபோன் கார்ட் எல்லாவற்றோடும் படங்களும் வாடகைக்குக் கொடுப்பார்கள். அம்மா கடை அண்ணையிடம் ஓர் அம்மன் படம் கேட்டிருக்கிறார். உறையில் அம்மன் சூலத்தோடு நின்றார்.

"இண்டைக்கு அம்மன் என்ன சொல்லுறா எண்டு பாப்பம்" என்று அம்மா தொலைக்காட்சிப் பெட்டிக்கு அறிவித்தார்.

அம்மன் படங்களை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். அவற்றில் சொல்வழி கேளாமல் வீட்டை விட்டுப் போகும் பெண்களுக்கு என்ன நடக்கும் என்று தெரியும். அம்மன் ஒருநாளும் நீரியல் பக்கம் நின்றதில்லை. அப்பா பின்னேர வேலைக்குப் போயிருந்தார். தலையாட்டக்கூட ஆள் இல்லை. நான் சோபாவின் மற்ற மூலையில் இருந்து என் தீர்ப்புக்காகக் காத்திருந்தேன்.

படம் தொடங்கியது. மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர், பனி, சைக்கிளில் ஒரு தபால்காரர். அவர் ஜப்பானியர். "வெளிநாட்டில எடுத்திருக்கினம்" என்றார் அம்மா திருப்தியோடு. பிறகு வந்தவர்களும் ஜப்பானியர்கள். அவர்கள் ஜப்பானிய மொழியில் பேசினார்கள், திரையின் அடியில் ஜெர்மன் எழுத்துகள் ஓடின. கடை அண்ணையின் மகன் தன்னுடைய படங்களையும் அதே கணினியில்தான் பதிவு செய்வான் என்பதும், இரண்டு வட்டுகள் உறை மாறிப் போயின என்பதும் பிறகுதான் தெரிந்தது. வட்டு மாறிவிட்டது என்று மட்டும் நான் அந்த நேரமே ஊகித்துவிட்டேன். ஆனால் சொல்லவில்லை. உண்மையான அம்மன் படத்தை விட எதுவும் எனக்கு நல்லதுதான்.

அம்மா எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கால்களை மடித்து வசதியாக இருந்துகொண்டு, தொலைக்காட்சியைப் பார்த்து, "என்னவாம்?" என்று கேட்டார்.

நானும் தொலைக்காட்சியைப் பார்த்தே பதில் சொன்னேன். "ஊரில பிணம் எரிக்கிற அடுப்புப் பழுதாப் போச்சாம். சாமான் டோக்கியோவில இருந்து வரோணுமாம்."

இந்த வகைப் படங்களை நான் பிறகு நிறையப் பார்த்திருக்கிறேன். செத்தவர்கள் ஏன் எழும்புகிறார்கள் என்று அவற்றில் ஒருவரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ஏதாவது ஓர் அற்பக் காரணம் போதும். இந்தப் படத்தில் பிணங்கள் வரிசையில் வைக்கப்பட்டுக் காத்திருந்து அலுத்துப்போய் எழும்பின. அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "அதுதான் உடன எடுக்கோணும் எண்டுறது" என்றார்.

எழும்பியவர்கள் மெதுவாக, ஒரு காலை இழுத்துக்கொண்டு, தங்கள் தங்கள் வீடுகளுக்குப் போனார்கள். வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றினார்கள். குனிந்து வணக்கம் சொன்னார்கள். பிறகு கடித்தார்கள். ரத்தம் பீற்றூட் கறி நிறத்தில் இருந்தது, பின்னணியில் கலியாண வீட்டுக்குப் போட வேண்டிய வாத்தியம் வாசித்தார்கள். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வருகினம். பழக்கம் தெரிஞ்ச ஆக்கள்" என்றார் அம்மா. எங்கள் வீட்டுக்கு வரும் குழாய் திருத்துபவர்களை அவர் அதுவரை அப்படிப் புகழ்ந்ததில்லை.

இங்கேதான் நான் ஒரு பிழை விட்டேன். ஊராட்சித் தலைவர் கூட்டம் கூட்டிப் பேசும்போது கீழே 'உன்டோட்ட' என்று வந்தது. செத்தவன் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு 'இல்லை'யை ஒட்டிய ஜெர்மன் சொல். என்னுடையது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ். "சாகாதவையாம்" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா கால்களைக் கீழே இறக்கி நிமிர்ந்து இருந்தார். "சாகாதவையோ?" எங்கள் வீட்டில் சாகாதவர்கள் சாமியறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சாமிகள்தான். அம்மா விபூதிச் சரையை எடுத்துக் கொஞ்சம் பூசிக்கொண்டார். அப்போது திரையில் ஒரு சாகாதவர் தபால்காரரின் தோளைக் கடித்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா மச்சம் மாமிசம் சாப்பிடுகினம்" என்றார் அம்மா, குறையாக அல்ல, ஆச்சரியமாக.

"பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றேன். "நடைப்பிணங்கள்."

"அப்பிடிச் சொல்லன். உன்ர கொப்பர் இரவு வேலை முடிச்சு வரேக்கை உப்பிடித்தான்."

அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் 'உன்ர' என்று சொல்லியிருந்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு அம்மாவின் வாயில் எனக்கு ஒரு முன்னிலை வந்திருந்தது. நானும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கவனித்ததாகக் காட்டினால் திருப்பி எடுத்துவிடுவார் என்று பயம்.

ஊர்க்காரர்கள் மெல்ல மெல்ல நிலைமைக்குப் பழகிக்கொண்டார்கள். கழன்று விழுந்த கை எந்தக் குப்பைத் தொட்டிக்குரியது என்று நீண்ட விவாதம் நடந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் படத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லோரும் மிகவும் பொறுப்போடு இருந்தார்கள். இந்த வகையின் முழுச் சாமர்த்தியமும் அதுதான். அம்மாவும் சிரிக்கவில்லை. "மஞ்சள் பையில போட ஏலாது, அது பிளாஸ்டிக்குக்கு" என்றார்.

பிறகு கதை ஒரு வீட்டுக்குள் நுழைந்தது. டோக்கியோவில் வேலை செய்து, விடுமுறைக்கு வந்த இடத்தில் செத்துப்போன ஒரு மகன். எழும்பிய நாளிலிருந்து விடிந்ததும் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடக்கத் தொடங்கிவிடுவான். செத்தும் வேலைக்குப் போக வேண்டும் அவனுக்கு. அவனுடைய தாய் உடுப்புக் காயப்போடும் கயிற்றால் அவன் காலைக் குசினித் தூணில் கட்டி வைத்தாள். கட்டி வைத்துக்கொண்டு சோறு ஊட்டினாள்.

"கட்டி வைக்கிறதுதான் நல்லது" என்றார் அம்மா. "வெளியில விட்டா ஆக்கள் அடிச்சுப்போடுவினம்."

எனக்கு விளங்கியது. அம்மன் பேசத் தொடங்கிவிட்டார்.

"அவனுக்குக் கால் நோகுமெல்லே" என்றேன்.

"செத்தவனுக்கு என்ன நோ?"

"அவனுக்குப் போகோணும் போல இருக்கு அம்மா. பாருங்கோ, ஒவ்வொரு நாளும் வெளிக்கிடுறான்."

"போனால் அங்கை ஆர் சோறு தீத்துறது?"

"டோக்கியோவிலயும் சோறு இருக்கும்."

"சோறு இருக்கும். தீத்த ஆர் இருக்கினம்?"

அந்த நடைப்பிணத்துக்காக நான் அன்று வாதாடிய மாதிரி எனக்காக ஒருநாளும் வாதாடியதில்லை. அவனுக்கு இரண்டு கைகளும் இன்னும் கழலவில்லை, தானாகச் சாப்பிடலாம் என்றேன். கழுத்துப்பட்டியை ஒழுங்காகக் கட்டத் தெரிந்தவன் என்றேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவனுக்கு இன்னும் உலகம் தெரியாது" என்றார். அவன் செத்தே போய்விட்டான், இனி என்னத்தைத் தெரிய வேண்டும் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

அப்போது பக்கத்து வீட்டுக்காரி குசினிக்குள் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னாள். "என்னவாம்?" என்றார் அம்மா. சோறு அடிப்பிடிக்கிறது என்றுதான் எழுத்தில் இருந்தது, அவ்வளவுதான். நான், "பிள்ளையளைக் கட்டி வைச்சால் பிறகு அதுகள் தாய் தேப்பனை வெறுத்துப்போடுங்களாம். படிக்க, வேலைக்கு எண்டு விடத்தான் வேணுமாம்" என்றேன்.

அம்மா திரையின் அடியைக் கையால் காட்டினார். "கீழ மூண்டு சொல்லுத்தானே கிடந்தது" என்றார்.

"ஜெர்மனில சுருக்கமாத்தான் எழுதுவினம்."

"ஓமோ?" என்றார் அம்மா.

கடைசிப் பகுதியில், இந்த வகைப் படங்கள் எல்லாம் செய்வதைப்போல, பகிடி மெல்ல மறைந்து போனது. அடுப்பின் சாமான் வந்துவிட்டது. ஊரே தன் செத்தவர்களைக் கையில் பிடித்துக்கொண்டு எரிக்கும் இடத்துக்கு நடந்தது. அந்தத் தாய் மட்டும் குசினியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்ப்பதற்கு நிறைய நேரம் எடுத்தது, இறுக்கிக் கட்டியிருந்தாள். பிறகு மகனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனாள். ரயிலில் வேலைக்குப் போகிற ஆட்கள் எல்லோரும் அவனுடைய முகத்தோடுதான் இருந்தார்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டிக்கெட் பார்ப்பவர் அவனுக்கும் குனிந்து வணக்கம் சொன்னார். ரயில் வெளிக்கிடும்போது தாய் யன்னலுக்குப் பக்கத்தில் ஓடிவந்து ஏதோ சொன்னாள்.

கீழே எழுத்து வந்தது. நான் வாசித்தேன், ஆனால் சொல்ல முடியவில்லை. அம்மா 'என்னவாம்' என்று கேட்பார், கேட்டால் எப்படியாவது சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"போய்ச் சேந்த உடன டெலிபோன் எடுக்கட்டாம்" என்றார் அம்மா.

எழுத்தில் அதுதான் இருந்தது, ஒரு சொல் கூடாமல் குறையாமல்.

"உங்களுக்கு உது வாசிக்க விளங்குதே?" என்று கேட்டேன்.

அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். "அங்கை கிழடுகள் என்ன சாப்பிட்டது, எப்ப நித்திரை கொண்டது எண்டு ஒவ்வொரு நாளும் ஜெர்மனில எழுதுறது ஆர் எண்டு நினைச்சனி?" என்றார்.

"அப்ப ஏன் முழுக்க என்னட்டைக் கேட்டனீங்கள்?"

"வேற என்னத்தைக் கேக்கிறது?"

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. அம்மாவும் பார்க்காத மாதிரி இருக்கவில்லை. சேலைத் தலைப்பை நீட்டினார், நான் மூக்கைத் துடைத்தேன். திரையில் பெயர்கள் ஜப்பானிய எழுத்தில் மேலே போய்க்கொண்டிருந்தன. அம்மா அவற்றைக் கடைசிப் பெயர் வரை பொறுமையாகப் பார்த்தார். திரை கறுத்தது.

"அம்மன் வரேல்லை" என்றார்.

"ஓம்" என்றேன்.

"அப்ப நான்தான் சொல்லோணும் போல கிடக்கு."

அவர் எழும்பித் தொலைக்காட்சியை நிறுத்தினார். கொஞ்ச நேரம் அதற்கு முன்னாலேயே நின்றார், அதற்குத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"போயிட்டு வா, பிள்ளை."